முதல் பியர்: 60 மணி நேரமாகியும் ஏர்லாக்கில் ஒரு குமிழி இல்லை. நொதிக்கிறதா, ஈஸ்ட் செத்துவிட்டதா?

வாளிக்காரன் (ஸ்கார்பரோ), 3ஆம் நாள்

வணக்கம். முதல்தரமா பேல் ஏல் (ஒரு பியர் வகை) போட்டிருக்கிறன். விபரம் முழுக்கத் தாறன், பாத்துச் சொல்லுங்கோ.

அளவு 20 லிட்டர். லைட் ட்ரை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைவிட்ட பார்லிச் சாறு காய்ஞ்ச தூள்) 2.5 கிலோ. கிரிஸ்டல் 40 மால்ட் 340 கிராம், 68 பாகையில 30 நிமிசம் ஊறவிட்டு எடுத்தது. கேஸ்கேட் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் குடுக்கிற பூ) 28 கிராம் கொதி தொடங்கேக்க, 28 கிராம் முடிய 10 நிமிசம் இருக்கேக்க, 28 கிராம் அடுப்பை நிப்பாட்டேக்க. ஈஸ்ட் யூஎஸ்-05, 11.5 கிராம் பக்கற் ஒண்டு, 20 பாகையில மேல தூவி விட்டது. தண்ணி டொரொன்டோ குழாய்த் தண்ணி, குளோரமீன் போறதுக்குக் கேம்ப்டன் குளிசை கால்வாசி கலந்தனான். தொடக்க அடர்த்தி 1.050 (தண்ணி 1.000; சீனி நொதிக்க நொதிக்க இந்த எண் இறங்கும்).

பாத்திரம் 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அடியில குழாய் இருக்கு, மூடியில ஏர்லாக். பேஸ்மென்ட் 16 பாகை. 60 மணித்தியாலம் ஆச்சு, ஏர்லாக்கில ஒரு குமிழி கூட வரேல்லை. மூடி இன்னும் திறக்கேல்லை.

இன்னொரு பக்கற் ஈஸ்ட் போடவோ? மூடியைத் திறந்து பாக்கலாமோ? இல்லாட்டி ஊத்திவிடுறதோ?

தாமிரக்கம்பி (மெல்பர்ன்)

ஊற்றாதீர்கள். ஈஸ்ட்டும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் கொடுத்த விவரத்தில் பிழை எதுவும் கண்ணில் படவில்லை. ஏல் வகைக்கு லிட்டருக்கு 0.5 முதல் 0.8 கிராம் வரை உலர் ஈஸ்ட் போடச் சொல்கிறார்கள், உங்களுக்கு 0.575 வருகிறது. 20 டிகிரியில் போட்டிருக்கிறீர்கள், அந்தச் சூட்டில் ஈஸ்ட் சாகாது. 40 தாண்டிய மால்ட் சாற்றில் போட்டிருந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

ஏர்லாக் ஒரு வழி அடைப்பு, அவ்வளவுதான். காற்று உள்ளே வராமல் வாயு வெளியே போக வைத்திருப்பது. அதை அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்தான் முதல் முறை காய்ச்சுபவர்கள் அத்தனை பேரும் இடறுகிறார்கள். பிளாஸ்டிக் வாளியின் மூடி சுற்றிவர ஒரே சீராக அமராது. எங்கோ ஓரிடத்தில் முடி அளவு இடைவெளி இருந்தால் போதும், வாயு சுலபமான வழியைத் தேடிப் போய்விடும். ஏர்லாக்கில் இருக்கும் 2 சென்டிமீட்டர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வர அதற்கு என்ன தலைவிதி?

மூடியைத் திறக்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. மூடியின் நடுவில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். ஏர்லாக்கில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும். அழுத்தத்தை விடாமல் 10 விநாடி அப்படியே பிடியுங்கள். தண்ணீர் ஏறிய இடத்திலேயே நின்றால் மூடி இறுக்கமாக இருக்கிறது. பிடித்திருக்கும்போதே சமமட்டத்துக்கு இறங்கிவிட்டால் எங்கோ கசிகிறது. கையை எடுக்கும்போது தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அதற்காகவே ஏர்லாக்கில் வெறும் தண்ணீருக்குப் பதிலாக ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கிக் கரைசல் (லிட்டருக்கு 1.5 மில்லி) ஊற்றி வைப்பது நல்லது.

அடுத்தது டார்ச். விளக்கை அணைத்துவிட்டு, வாளியின் ஒரு பக்கம் டார்ச்சை ஒட்டிப் பிடித்து எதிர்ப்பக்கம் இருந்து பாருங்கள். வெள்ளை வாளி என்றால் திரவமட்டம் ஒரு இருட்டுக் கோடாகத் தெரியும். அதற்கு மேலே இன்னொரு மங்கலான பட்டை தெரிந்தால் அது நுரை.

ஈஸ்ட்_பித்து (லண்டன்)

அழுத்திப் பார்ப்பது, டார்ச் அடிப்பது எல்லாம் சரி. ஆனால் பதில் சொல்லப்போவது ஹைட்ரோமீட்டர் (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் கருவி) ஒன்றுதான். அடியில் குழாய் இருக்கிறது என்கிறார், பிறகு என்ன யோசனை? எடுத்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

முதலில் ஹைட்ரோமீட்டரையே சோதியுங்கள். உள்ளே இருக்கும் காகித அளவுகோல் சில சமயம் நழுவியிருக்கும். 20 டிகிரி காய்ச்சி வடித்த நீரில் மிதக்கவிட்டு 1.000 காட்டுகிறதா என்று பாருங்கள். 1.002 காட்டினால் இனி எடுக்கும் ஒவ்வொரு அளவிலும் 0.002 கழித்துக்கொள்ளுங்கள். சில கருவிகள் 15.6 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. அது காகிதத்திலேயே அச்சாகியிருக்கும்.

மாதிரி எடுக்கும் முறை: குழாயின் வாய்க்குள் ஸ்டார் சான் தெளித்து 2 நிமிடம் விடுங்கள். முதலில் வரும் 30 மில்லி அடிவண்டல், அதைக் கொட்டிவிடுங்கள். பிறகு 100 மில்லி அளவு. முக்கியம்: திறக்கும்போது ஏர்லாக்கைப் பாருங்கள். கீழே திரவம் போகிற அளவுக்கு மேலே காற்று உள்ளே இழுபடும், ஏர்லாக்கில் இருப்பதும் சேர்ந்து இறங்கும். அந்த நேரத்துக்கு ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, துளைமேல் ஸ்டார் சானில் நனைத்த பஞ்சை வையுங்கள்.

நொதிக்கும் பியரில் கரிவாயு (கார்பன் டைஆக்சைடு) நிறைந்திருக்கும். அப்படியே ஹைட்ரோமீட்டரை விட்டால் தண்டைச் சுற்றிக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும், 1.020 இருப்பது 1.024 ஆகத் தெரியும். இரண்டு டம்ளருக்கு இடையே 10, 12 முறை ஆற்றுங்கள். காபி ஆற்றுவது போலத்தான். நுரை அடங்கியதும் குழலில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றி விட்டு, கண்மட்டத்தில் வைத்துப் படியுங்கள். திரவம் தண்டோடு ஒட்டி ஏறும் வளைவின் உச்சியைப் படிக்காதீர்கள், தட்டையான மட்டத்தைப் படியுங்கள்.

சூட்டுத் திருத்தம்: 20 டிகிரிக் கருவியை 30 டிகிரித் திரவத்தில் விட்டால் கிட்டத்தட்ட 0.0025 குறைத்துக் காட்டும், 40 டிகிரியில் 0.006. உங்கள் 16 டிகிரிக்குத் திருத்தம் தேவையில்லை.

பார்த்த மாதிரியைத் திரும்ப வாளியில் ஊற்றக் கூடாது. குடித்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாததை நாக்கு சொல்லும்.

மட்டுறுத்துநர்

இழை பொதுவில் இருப்பதால் ஒரு குறிப்பு. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். எங்கிருந்து வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நடந்துகொள்ளுங்கள்.

வாளிக்காரன் (ஸ்கார்பரோ)

நன்றி அண்ணைமார். சொன்னபடி செய்தனான். மூடியை அமத்திப் பிடிக்கத் தண்ணி மட்டம் உடன இறங்குது, அப்ப கசிவுதான். ஹைட்ரோமீட்டர் தண்ணியில 1.000 சரியாக் காட்டுது. மாதிரி ஆத்திப் பாத்தது: 1.032, 17 பாகையில.

மூடியையும் ஒரு பக்கம் கிளப்பிப் பாத்தனான். மேல வெள்ளை நுரை, 3 சென்டிமீட்டர் இருக்கும், அதுக்குள்ள மண்ணிறத் திட்டுகள், பச்சைத் துணிக்கைகள். வாளிச் சுவரில நுரைக்குக் கொஞ்சம் மேல மண்ணிற வளையம் ஒட்டிக் காய்ஞ்சு கிடக்கு. பாணும் அவிச்ச முட்டையும் கலந்த மாதிரி ஒரு மணம். முட்டை மணம் பழுதாப் போனதுக்கு அடையாளமோ?

தாமிரக்கம்பி (மெல்பர்ன்)

1.050இல் இருந்து 1.032. போக வேண்டிய தூரத்தில் பாதி நெருங்கிவிட்டது. கணக்கு: 1.000க்கு மேலே இருந்த 50இல் 18 குறைந்திருக்கிறது, 36 சதவீதம். யூஎஸ்-05 சுமார் 78 முதல் 82 சதவீதம் வரை போகக்கூடியது. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்பதால் கொஞ்சம் குறையலாம். ஆக 1.010க்கும் 1.013க்கும் இடையே எங்கோ நிற்க வேண்டும்.

அந்த மண்ணிற வளையம்தான் நல்ல சாட்சி. நுரை உயர்ந்து அங்கே வரை போய் இறங்கியிருக்கிறது. ஹாப்ஸ் பிசினும் புரதமும் சுவரில் ஒட்டிக் காய்ந்ததுதான் அது. வெறும் சாறு எத்தனை நாள் நின்றாலும் அப்படியொரு வளையம் வராது. நாளைக்கே நுரை முழுக்க இறங்கிப்போனாலும் வளையம் அப்படியே இருக்கும்.

முட்டை வாசனை கந்தகம். நொதிக்கும் ஈஸ்ட் விடுவது, பெரும்பாலும் வெளியேறும் வாயுவோடு போய்விடும். லாகர் ஈஸ்ட்டில் இதைவிடப் பலமாக வரும். கவலை வேண்டாம்.

மொத்தமும் நொதித்து முடியும்போது உங்கள் 20 லிட்டரில் இருந்து ஏறக்குறைய 400 லிட்டர் கரிவாயு வெளியேறியிருக்கும். அதில் இதுவரை வந்தது அவ்வளவும் ஏர்லாக் பக்கமே வராமல் மூடி ஓரத்தில் போயிருக்கிறது பாருங்கள். அடைத்த அறையிலோ குளிர்பெட்டிக்குள்ளோ வைத்து நொதிக்க வைப்பவர்கள் கதவைத் திறந்ததும் தலையை உள்ளே விட்டு முகரக் கூடாது. மூக்கில் ஊசி குத்துவது போல் இருக்கும், தலை சுற்றும்.

ஹாப்ஸ்கொடி (டொரொன்டோ)

ஒரு விஷயம் சேர்க்கிறேன். நம்மவர்கள் பலர் அவசரப்படுவதற்குக் காரணம், கண்முன்னே நொதிப்பதைப் பார்த்துப் பழகியது கள்ளையும் இட்லி மாவையும்தான். கள் பானையில் இறங்கும்போதே நுரை. மாவு ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழியும். அந்த வேகத்தை வைத்துப் பியரை எடைபோட முடியாது. பனஞ்சாற்றில் இருப்பது சுக்ரோஸ், சுற்றுச்சூழல் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பாளை சீவும்போதே பானைக்குள் வந்துவிடுகின்றன, வெயில் வேறு. மாவில் வேலை செய்வதில் பெரும்பங்கு லாக்டிக் பாக்டீரியா. மால்ட் சாற்றில் பெரும்பகுதி மால்டோஸ். உலர்ந்து கிடந்த ஈஸ்ட் முதலில் நீர் ஏற்றி, பிறகு மால்டோஸை உள்ளே இழுப்பதற்கான புரதங்களைத் தயாரித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். 6 மணி நேரத்திலும் தொடங்கலாம், 24 மணி நேரமும் ஆகலாம். 16 டிகிரியில் 48 மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. 72 மணி தாண்டியும் அடர்த்தி அசையவே இல்லை என்றால்தான் இன்னொரு பாக்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மாவு அரைக்கும் அதே மேடையில், அதே கரண்டியால் பியரைத் தொடாதீர்கள். மாவில் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆறின மால்ட் சாறு விருந்து. கொதிக்கும்போது எந்தக் கரண்டி என்றாலும் பரவாயில்லை. ஆறிய பிறகு தொடும் ஒவ்வொன்றும் கழுவி, ஸ்டார் சானில் நனைத்ததாக இருக்க வேண்டும். கழுவாமல் நனைத்தால் பயனில்லை, அழுக்குக்கு அடியில் அது போகாது.

சிங்கைக்_கொப்பரை

வாளிக்காரனுக்குக் குளிர்ப் பிரச்சினை. எங்களுக்கு நேர் எதிர். சிங்கப்பூரில் அறை 30 டிகிரி என்றால், நொதிக்கும்போது ஈஸ்ட் தன் சூட்டால் பியரை இன்னும் 2 முதல் 5 டிகிரி ஏற்றிவிடும். யூஎஸ்-05 போட்டால் 8 மணி நேரத்தில் ஏர்லாக் மெஷின்கன் மாதிரி சுடும், 48 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பார்ப்பதற்குப் பிரமாதமாக இருக்கும், குடித்தால் தொண்டையில் ஸ்பிரிட் எரியும், நெயில் பாலிஷ் நெடி வரும். வேகமாகக் குமிழி வருவதும் சரியாக நொதிப்பதற்கு அடையாளம் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே இரண்டு வழி. ஒன்று, வாளியைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து, 1.5 லிட்டர் பாட்டிலில் உறைந்த ஐஸ் காலை இரண்டு, மாலை இரண்டு. முதல் 3 நாள் இதைத் தவறவிடக் கூடாது, ருசி கெடுவது பெரும்பாலும் அந்த 3 நாளில்தான். இன்னொன்று, சூட்டில் வாழும் ஈஸ்ட்டையே போடுவது. நார்வேயின் வோஸ் பகுதியில் இருந்து வந்த க்வைக் 35 முதல் 40 டிகிரியில் சுத்தமாக நொதிக்கும், மெல்லிய ஆரஞ்சு வாசனையோடு. அதற்கு 3ஆம் நாளே இறுதி அடர்த்தி வந்தால் அது இயல்பு.

வாளி நிரம்ப ஊற்றியிருப்பவர்கள் கவனிக்க: 30 லிட்டர் வாளியில் 23 லிட்டருக்கு மேல் போகாதீர்கள். நுரை ஏறி ஏர்லாக்கை ஹாப்ஸ் துணுக்கு அடைத்தால் மூடி கூரைக்குப் பறக்கும். சந்தேகம் இருந்தால் ஏர்லாக்குக்குப் பதில் தடித்த குழாயைச் செருகி, மறுமுனையை ஸ்டார் சான் நிரப்பிய ஜாடிக்குள் விடுங்கள்.

ஈஸ்ட்_பித்து (லண்டன்)

வாளிக்காரன், வெப்பமானி தொங்கும் சுவரின் சூட்டைச் சொல்கிறீர்களா, வாளியின் சூட்டையா? ஒட்டும் வெப்பப்பட்டை ஒன்றை வாளியின் பக்கவாட்டில், திரவமட்டத்துக்குக் கீழே ஒட்டுங்கள். யூஎஸ்-05க்கு 18, 19 நல்ல இடம். 16க்குக் கீழே தள்ளினால் பீச் பழ வாசனை வருவதைப் பலர் கவனித்திருக்கிறார்கள்.

வாளிக்காரன் (ஸ்கார்பரோ), 11ஆம் நாள்

திரும்ப வந்திருக்கிறன். 9ஆம் நாள் 1.020. இண்டைக்கும் 1.020. நுரை முழுக்க இறங்கீற்றுது. மேல அங்கங்க வெள்ளைத் தீவு மாதிரி மிதக்குது. வாளியில ஒட்டின பட்டை காலமை 15 காட்டுது, இரவில ஹீட்டரைக் குறைச்சு விடுறது. இரண்டுதரம் ஒரே அளவு வந்தால் முடிஞ்சுது எண்டுதானே எல்லா இடமும் எழுதியிருக்கு? போத்தல்ல அடைக்கலாமோ?

பி.கு. சிநேகிதன் ஒருத்தன் ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளையிறதை வைச்சுச் சீனி பாக்கிற கருவி) தந்தவன். அதில 9 பிரிக்ஸ் (சீனி அளவு) காட்டுது. அது 1.036 எண்டெல்லோ வருது? குழப்பமாக் கிடக்கு.

தாமிரக்கம்பி (மெல்பர்ன்)

அடைக்காதீர்கள். தயவுசெய்து.

இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் ஈஸ்ட் நின்றுவிட்டது என்று மட்டும்தான் பொருள். வேலை முடிந்து நின்றதா, குளிரில் சுருண்டு நின்றதா என்பதை அது சொல்லாது. 50இல் 30 குறைந்திருக்கிறது, 60 சதவீதம். இந்த ஈஸ்ட்டுக்கு அது முக்கால் வழிதான். இரவில் 15க்கு இறங்கும்போது ஈஸ்ட் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து அடியில் படிந்துவிடும், மிச்சச் சர்க்கரை மேலே அப்படியே கிடக்கும்.

கணக்கைப் பாருங்கள். பாட்டிலுக்குள் 0.001 அடர்த்தி குறைந்தால் ஏறக்குறைய அரை வால்யூம் கரிவாயு உண்டாகும் (ஒரு லிட்டர் பியரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது 1 வால்யூம்). 1.020இல் அடைத்து, அது பின்னால் 1.012க்குப் போனால் 8 புள்ளி, அதாவது 4 வால்யூம். அதற்கு மேல், பாட்டிலில் வாயு ஏறுவதற்காக நீங்கள் போடும் சர்க்கரையில் இருந்தும் பியரில் ஏற்கனவே கரைந்திருப்பதில் இருந்தும் 2.4. மொத்தம் 6.4. சாதாரண பியர் பாட்டில் 3 வால்யூம் வரைக்கும் உத்தரவாதம், 6 என்பது தடித்த சாம்பெயின் பாட்டிலில் இருக்கும் அளவு. வெடித்தால் கண்ணாடிச் சில்லு சுவரில் ஏறும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் நினைத்தே பார்க்க வேண்டாம்.

ஈஸ்ட்_பித்து (லண்டன்)

ரிஃப்ராக்டோமீட்டர் பற்றி. நொதிக்கும் முன் அது நல்ல கருவி. ஆல்கஹால் சேர்ந்த பிறகு ஒளி வேறு மாதிரி வளையும், நேரடியாகப் படித்தால் தவறு. தொடக்கத்தில் 12.4 பிரிக்ஸ் இருந்த சாறு 1.013க்கு இறங்கிய பிறகும் அதில் 6.5 என்றே காட்டும். பட்டியலில் பார்த்தால் 1.026 என்று வரும், ஆள் பதறிப்போவார். திருத்தச் சூத்திரம் போட்ட கணிப்பான்கள் இருக்கின்றன, தொடக்க பிரிக்ஸும் இப்போதைய பிரிக்ஸும் கொடுத்தால் போதும். முடிவைத் தீர்மானிக்க ஹைட்ரோமீட்டரை மட்டும் நம்புங்கள். மிதக்கவிடும் டில்ட், ஐஸ்பிண்டில் போன்ற மின்னணு மானிகளும் போக்கைக் காட்டத்தான் நல்லவை. நுரைப் பிசின் ஒட்டினால் சில புள்ளிகள் தள்ளிக் காட்டும்.

இப்போது செய்ய வேண்டியது. வாளியை மாடிக்குக் கொண்டுபோங்கள், 20 முதல் 21 டிகிரி இருக்கும் இடத்துக்கு. தூக்கும்போதே அடிவண்டல் கொஞ்சம் கலங்கும், அது நல்லதுதான். மூடியைத் திறக்காமல் வாளியை ஒரு பக்கம் சாய்த்து வட்டமாக மெல்ல ஆட்டுங்கள், ஒரு நாளைக்கு இருமுறை. கரண்டி விட்டுக் கலக்க வேண்டாம்; இந்தக் கட்டத்தில் காற்றுப் பட்டால் பியர் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ருசிக்கும்.

கூடவே கட்டாய நொதிப்புச் சோதனை ஒன்று வையுங்கள். 250 மில்லி பியரைக் கழுவி நனைத்த பாட்டிலில் எடுங்கள். புதுப் பாக்கெட் யூஎஸ்-05இல் இருந்து 2, 3 கிராம் போடுங்கள். அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, 25 டிகிரி இருக்கும் இடத்தில் (ரவுட்டருக்குப் பக்கம் வைக்கலாம்), போகும்போதும் வரும்போதும் ஒரு ஆட்டு ஆட்டுங்கள். 3 நாள் கழித்து, தெளியவிட்டு, ஆற்றி, அளவு எடுங்கள். அந்த ஈஸ்ட் அந்தச் சாற்றில் போகக்கூடிய கடைசி எல்லை அதுதான். சோதனைப் பாட்டில் 1.012 காட்டி வாளி 1.020 காட்டினால் வாளியில் நொதிப்பு பாதியில் தங்கிவிட்டது. இரண்டும் 1.020 என்றால் சர்க்கரை தீர்ந்துவிட்டது, இனி குறையாது, தாராளமாக அடைக்கலாம்.

ஹாப்ஸ்கொடி (டொரொன்டோ)

சோதனை நல்ல யோசனை, ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. வாளிக்கும் சேர்த்து இன்னொரு பாக்கெட் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஏற்கனவே 4 சதவீத ஆல்கஹால் இருக்கிறது, ஆக்ஸிஜன் இல்லை, குளிர் வேறு. அதில் உலர் ஈஸ்ட்டைத் தூவினால் பாதிக்கு மேல் எழவே எழாது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அரை லிட்டர் மால்ட் சாறு காய்ச்சி ஆறவைத்து, அதில் ஈஸ்ட்டைப் போட்டு, நுரை உச்சத்தில் இருக்கும்போது அப்படியே வாளியில் சேர்க்க வேண்டும். அதற்கு முன் 4 நாள் சூட்டில் வைத்துப் பார்ப்பது போதும் என்பது என் எண்ணம். பெரும்பாலான தங்கல் சூட்டிலேயே தீரும்.

இன்னொரு வாளிக்கு மாற்றினால் ஈஸ்ட் எழும் என்றும் ஒரு பழைய பேச்சு உண்டு. செய்ய வேண்டாம். ஈஸ்ட்டைப் பின்னால் விட்டுவிட்டு பியரை மட்டும் தூக்கிக்கொண்டு போவதால் என்ன பயன்?

அந்த வெள்ளைத் தீவுகளைப் பற்றி. அருகில் போய்ப் பாருங்கள். ஈஸ்ட் தீவு என்றால் ஓரம் ஒழுங்கில்லாமல், சாம்பல் கலந்த வெள்ளையாக, ஈரமாக இருக்கும். வாளியை லேசாக ஆட்டினால் உடைந்து மூழ்கும். கிருமி படிந்தால் வேறு விதம். காய்ந்த பால் ஆடை போல முழுப் பரப்பிலும் மெல்லிய படலம், அதில் சுருக்கங்கள், ஆட்டினால் ஆடையாகவே மடியும். அதனடியில் வாயு சேர்ந்து பெரிய, உடையாத, மெழுகுக் குமிழிகள் நிற்கும். பச்சையோ கறுப்போ பஞ்சு போல் எழுந்து நின்றால் பூஞ்சை, அதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு படம் போட்டால் உறுதியாகச் சொல்லலாம்.

வாளிக்காரன் (ஸ்கார்பரோ)

ஆட்டிப் பாத்தனான், தீவு உடைஞ்சு தாழுது. ஆடை ஒண்டும் இல்லை. வாளி மேல வந்திட்டுது, சாப்பாட்டறை மூலையில, 21 பாகை. சோதனைப் போத்தலும் வைச்சாச்சு. இண்டைக்குப் பின்னேரம் மூடியைச் சுத்திவர டேப் ஒட்டினனான், இப்ப ஏர்லாக்கில குமிழி வருது! அப்ப நொதிக்கத் தொடங்கீற்றுதோ?

தாமிரக்கம்பி (மெல்பர்ன்)

இன்னும் சொல்ல முடியாது. 15இல் இருந்து 21க்கு ஏறும்போது கரைந்திருந்த கரிவாயு தானாக வெளியேறும், மேலே இருக்கும் காற்றும் விரியும். ஈஸ்ட் ஒரு துளி வேலை செய்யாவிட்டாலும் ஒரு நாள் முழுக்கக் குமிழி வரும். அதே காரணத்தால் சூடு இறங்கும்போது நொதித்துக்கொண்டிருக்கும் வாளியில்கூட ஏர்லாக் உள்நோக்கி உறிஞ்சும். மூன்று நாள் கழித்து ஹைட்ரோமீட்டர்.

வாளிக்காரன் (ஸ்கார்பரோ), 17ஆம் நாள்

சோதனைப் போத்தல் 14ஆம் நாள் 1.012. வாளி: 14ஆம் நாள் 1.015, இண்டைக்கு 1.012. மாதிரியில பச்சை அப்பிள் மணம் முந்தி இருந்தது, இப்ப குறைவு. வெண்ணெய் மாதிரி ஏதோ லேசா இருக்கிற மாதிரியும் இருக்கு, உறுதியாத் தெரியேல்லை.

ஈஸ்ட்_பித்து (லண்டன்)

வாளியும் சோதனையும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்துவிட்டன. இதைத்தான் எதிர்பார்த்தோம்.

பச்சை ஆப்பிள் என்பது அசிட்டால்டிஹைடு, ஆல்கஹாலாக மாறும் முன் படி. வெண்ணெய் டைஅசிட்டில். இரண்டையும் ஈஸ்ட் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும், அதற்கு இன்னும் 2, 3 நாள் இதே 21 டிகிரியில் விட வேண்டும். சந்தேகத்தைத் தீர்க்க: ஒரே அளவு பியரை இரண்டு மூடியுள்ள ஜாடியில் எடுங்கள். ஒன்றை 60 டிகிரி தண்ணீரில் 20 நிமிடம் வைத்து, பிறகு மற்றதன் சூட்டுக்கு ஆற வையுங்கள். இரண்டையும் திறந்து முகருங்கள். சூடாக்கியதில் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை வந்தால் அதன் மூலப்பொருள் இன்னும் பியரில் மிச்சம் இருக்கிறது, அடைத்தால் பாட்டிலில் வெளிப்படும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் தாண்டிவிட்டது.

மருத்துவமனைப் பிளாஸ்டர் நெடி வந்தால் அது நொதிப்பில் சரியாகாது. தண்ணீரில் இருந்த குளோரமீன் காரணம். டொரொன்டோ தண்ணீரில் அது உண்டு, கொதிக்க வைத்தாலும் சுலபத்தில் போகாது. நீங்கள் கேம்ப்டன் போட்டுவிட்டதால் தப்பித்தீர்கள்.

வாளிக்காரன் (ஸ்கார்பரோ), 20ஆம் நாள்

1.012, அசையேல்லை. சூடாக்கின ஜாடியில வெண்ணெய் மணம் இல்லை. நாளைக்கு அடைக்கப் போறன். வாளியில 19 லிட்டர் மிஞ்சும். சீனி எவ்வளவு?

சிங்கைக்_கொப்பரை

2.4 வால்யூம் வேண்டும் என்றால் 113 கிராம் வெள்ளைச் சர்க்கரை. கணக்கு இப்படி: நொதித்து முடித்த பிறகு பியர் எட்டிய உச்ச சூடு 21, அந்தச் சூட்டில் ஏற்கனவே 0.84 வால்யூம் கரைந்து இருக்கும். மிச்சம் 1.56. ஒரு வால்யூமுக்கு லிட்டருக்கு 3.8 கிராம். கணிப்பானில் இன்றைய சூட்டைப் போடாமல் உச்ச சூட்டைப் போடுவது முக்கியம், அடைப்பதற்கு முன் வாளியைக் குளிரவைப்பவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள். 200 மில்லி தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆற்றி, அடைக்கும் வாளியின் அடியில் முதலில் ஊற்றுங்கள். பியரைக் குழாய் வழியே அதன்மேல் சலசலப்பில்லாமல் இறக்குங்கள்.

ஒரே ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடையுங்கள். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுங்கள். அது கல் போல் இறுகும்போது மற்றவையும் தயாராகிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்துக்குள்ளேயே வீங்கித் தள்ளினால் எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்குள் வைத்து அழுத்தத்தைக் கவனியுங்கள்.

ஹாப்ஸ்கொடி (டொரொன்டோ)

அடைத்த பிறகு பேஸ்மென்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பாட்டிலுக்குள்ளும் இதே ஈஸ்ட்தான், இதே குளிர்தான் அதைத் தூங்க வைக்கும். சாப்பாட்டறை மூலையிலேயே, அட்டைப்பெட்டிக்குள், வெளிச்சம் படாமல், 20 டிகிரியில் 2 வாரம். முதல் பாட்டிலை 2 நாள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

வாளிக்காரன் (ஸ்கார்பரோ)

113 கிராம், 21 பாகை, சோடாப் போத்தல் ஒண்டு. விளங்கீற்றுது. நாளைக்கு விடிய மூடிக்குப் புது ரப்பர் வளையமும் வாங்கவேணும், அடுத்ததரம் கசியாமல் இருக்க.

தாமிரக்கம்பி (மெல்பர்ன்)

வளையம் வாங்குங்கள், கூடவே இரண்டாவது ஹைட்ரோமீட்டரும் ஒன்று. மெல்லிய கண்ணாடி, மேடையில் உருண்டாலே போய்விடும்.